ஆற்றங்கரையில் ஒரு வேலைநாள்

வேன்கள் வந்து நின்ற சத்தம் கேட்டபோது தண்டபாணி மரக்குடிலுக்குள் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கண் தண்ணீரின்மேல் இருந்தது. மனசு வழக்கம்போல ஆபீஸ் வாசலில் நின்றது, உள்ளே போகாமலும் திரும்பி வராமலும். எதிர்ப் பாறையில் ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது. காலையிலிருந்து அது அப்படியே நிற்கிறதா, நடுவில் தண்ணீருக்குள் போய் வந்ததா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சனி ஞாயிறு என்றால் வேன் வருவதும் கூட்டம் இறங்குவதும் சகஜம். அந்த நாட்களில் அவன் இங்கே வருவதில்லை. வேலைக்குப் போகிற ஆள் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருப்பானோ அப்படி, பேப்பரை விரித்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலாக, வீட்டில் இருப்பான். இன்றைக்கு வியாழன். வியாழக்கிழமையில் இங்கே யார் வருவார்கள்? மருத மரத்தடியில் ஒன்றிரண்டு ஜோடிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மலைக்கோயிலுக்கு வந்த குடும்பம் ஏதாவது எட்டிப்பார்த்துவிட்டு, யானை எங்கே என்று கேட்டுவிட்டுப் போகும். டவுன் பஸ் திரும்பும் இடத்துக்கு அந்தப்பக்கம், மலை அடிவாரத்தில், வனத்துறை வேலி போட்டு வைத்திருக்கிற ஆற்றங்கரை இது. காலையில் ஒன்பதுக்குக் கதவைத் திறப்பார்கள், சாயங்காலம் ஐந்துக்கு விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், மிருகங்கள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் என்று. ஒன்பதிலிருந்து ஐந்து. வாசல் பலகையில் அதை முதல்முதலாகப் படித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றது, யாரோ அவனுக்காகவே ஓர் இடத்தைத் தயார்செய்து வைத்துவிட்டு அவன் வருவானா என்று பார்த்திருந்ததுபோல.

அவனை யாரும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதுதான் விஷயம். அனுப்பியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம், அனுப்பிவிட்டார்கள் என்று. சுகந்தி ஒருநாள் அழுதிருப்பாள், அடுத்த நாள் யார் யாருக்கோ போன் போட்டிருப்பாள், அவளுக்குத் தெரியாத ஆளா. ஆனால் நடந்தது அப்படி இல்லை. அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை. பம்பு செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பஸ், ஒரே நிறுத்தம். அதற்கு முந்தின நாள் யாரும் அவனைத் திட்டவில்லை, புதிதாக வந்த மேனேஜர் சிரித்துக்கொண்டுதான் பேசினான், கேன்டீனில் டீகூட நன்றாக இருந்தது. இதையெல்லாம் இந்தக் குடிலில் உட்கார்ந்து எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தாகிவிட்டது, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, கல் ஒன்றும் அகப்படவில்லை. அன்று காலை நிறுத்தம் வந்தது, எழுந்து கம்பியைப் பிடித்தான், முன்னால் நின்றவர்கள் இறங்கினார்கள், அவன் கால் எடுக்கவில்லை. வலியோ மயக்கமோ இல்லை. கால் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கண்டக்டர், "சார், உங்க ஸ்டாப்புங்க" என்றான். "இல்லை, இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடி போகோணும்" என்று தண்டபாணியின் வாய் சொல்லியது. எங்கே போகவேண்டும் என்று வாய்க்குத் தெரியாது. பஸ் கடைசிவரைக்கும் வந்தது, பஸ் திரும்பும் இடத்தில் இறங்கமுடிந்தது, எதிரில் இந்தப் பூங்கா. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் கம்பியைப் பிடித்துப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டான். காய்ச்சல் என்றான், டைபாய்டு என்றான், பிறகு போனை எடுக்காமலே விட்டான். ஒருநாள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள், "சார், நீங்களே எழுதிக் குடுத்துட்டா நல்லதுங்க, உங்க சர்வீஸுக்கு அதுதானுங்க அழகு" என்றாள். எழுதிக் கொடுத்தான். கணக்குத் தீர்த்து வந்த பணத்தை மாதா மாதம் சம்பளம்போல வீட்டில் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை, அது தீரும் நாள் ஒன்று இருக்கிறது என்பதைத் தவிர. பொய் சொல்வது கஷ்டம் என்பார்கள். கஷ்டமே இல்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினால் போதும், மிச்சத்தை மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். மிருதுளா மேலே பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டே கையாட்டுவாள். "பை ப்பா." சுகந்தி அடுக்களையிலிருந்து, "ஏனுங்க, தயிர் தனியா வெச்சிருக்கறேன், கொட்டீராமப் பாத்துப் போங்க" என்பாள். அவர்களே அவனை வேலைக்கு அனுப்பிவைத்தார்கள்.

வேன் கதவுகள் இழுபடும் சத்தம், அப்புறம் பிள்ளைகளின் இரைச்சல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்போதாவது வருவது உண்டு. வந்தால் அவன் ஆற்றோரமாக மூங்கில் புதர்ப்பக்கம் நகர்ந்துவிடுவான். எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தான். குடில் ஆறு வளைகிற இடத்தில் சேற்றுக்குமேல் கால் நட்டு நின்றது, தார் பூசிய பலகைச் சுவர், தண்ணீர்ப்பக்கம் கண் உயரத்துக்கு நீளமான சந்துகள், பறவைகளுக்குத் தெரியாமல் உள்ளிருந்து பார்க்க. கரையிலிருந்து அதற்கு ஒரே ஒரு பலகைப்பாதை, ஓராள் நடக்கிற அகலம். அந்தப் பாதையின் மறுமுனையில், புல்வெளியில், கரும்பச்சைப் பாவாடையும் கோடு போட்ட சட்டையுமாக ஒரு கூட்டம் வரிசை கட்டிக்கொண்டிருந்தது. கோயமுத்தூரில் கரும்பச்சைச் சீருடை எத்தனையோ பள்ளிக்கூடத்தில் இருக்கும் என்று முதலில் நினைத்தான். சட்டையின் கோடுகூடப் பொதுவாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்தச் சட்டையை அவன்தான் இஸ்திரி போடுவான், காலரில் மடிப்பு விழாமல் இருக்க நுனியிலிருந்து உள்ளே போகவேண்டும். காலரின் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டி வரும். இவ்வளவு தூரத்திலிருந்து பட்டி தெரியாது. தெரிந்தது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மிருதுளா ஏதோ சொன்னாள், ஈகோ கிளப் என்றாள், மிஸ் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றாள், சுகந்தி எலுமிச்சை சாதமா தயிர் சாதமா என்று கேட்டாள், பஸ்ஸா வேனா என்று கேட்டாள். எங்கே என்று யாரோ கேட்டிருக்கவேண்டும். அவன் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டினான். இப்போதெல்லாம் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுகிறான், ஆட்டிவிட்டால் பேச்சு அவனைத் தாண்டிப் போய்விடும். அந்தத் தலையாட்டல் இப்போது கரும்பச்சை நிறத்தில் வரிசை கட்டி நிற்கிறது. உள்ளே வந்துவிட்டான். வந்தபிறகுதான் தெரிந்தது, வெளியே போயிருக்கவேண்டும் என்று. ஒரு நிமிஷம் முன்னால் நடந்திருந்தால் மூங்கில் பக்கம் போயிருக்கலாம். மறுபடி எட்டிப்பார்த்தபோது ராசு பத்துப்பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பலகையில் ஏறிவிட்டிருந்தான்.

ராசு இந்தப் பூங்காவில் வேலை பார்க்கிறவன். விசில் ஊதுவது, குரங்கு விரட்டுவது, வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது எல்லாம் அவன்தான். வந்த புதிதில் ஒருநாள், "ஏனுங்க சார், பறவை ஆராய்ச்சிங்களா?" என்று கேட்டான். தண்டபாணி தலையை ஆட்டினான். அன்றிலிருந்து அவன் இங்கே பறவை ஆராய்ச்சிக்காரன். ஒரு பைனாகுலர்கூட இல்லாத ஆராய்ச்சியைப் பற்றி ராசு ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. காலையில் பார்த்தால், "நேத்துச் சாயந்தரம் இருவாச்சி ரெண்டு அக்கட்டால போச்சுங்க சார், நீங்க போனதுக்கப்பறம்" என்று ஏதோ அவனுக்குச் சேரவேண்டியதை எடுத்துவைத்திருந்த மாதிரி சொல்லுவான். தண்டபாணி அதற்கும் தலையாட்டுவான். வீட்டில் ஒரு வேஷம், இங்கே ஒரு வேஷம், இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் மட்டும் ஒரு மணி நேரம் ஒன்றுமாக இல்லாமல் இருக்கலாம். பஸ் நேரம்தான் அவனுக்குப் பிடித்தது. இப்போது ராசுவின் குரல் பலகைமேல் வந்துகொண்டிருந்தது. "சத்தம் போடாம வாங்க கண்ணுகளா. நீர்நாய் குட்டியோட இருக்குது. சத்தம் கேட்டா அந்தாண்ட போயிரும்." தண்டபாணி கடைசிச் சந்துக்குப் போய் மூலையில் முகத்தைப் பலகையோடு ஒட்டி நின்றான். தாரும் பழைய மழையும் மணத்தது. முதல் கூட்டம் உள்ளே வந்தது. அவன் முதுகால் கேட்டான். முதுகு முழுக்கக் காதாக இருந்தது. இவள் இல்லை, இவள் இல்லை, இந்தத் தும்மல் அவளுடையது இல்லை. முதல் கூட்டத்தில் அவள் இல்லை. நீர்நாயும் வரவில்லை. போனார்கள். அவர்கள் கரை சேர்ந்ததும் போய்விடலாம் என்று நின்றான், அதற்குள் ராசு அடுத்த கூட்டத்தைப் பலகைப்பாதையில் கூட்டிக்கொண்டு வந்தான், ஒதுங்க இடமில்லாத பாதை, போனால் ஒவ்வொரு முகத்தையும் உரசிக்கொண்டு போகவேண்டும். சந்து வழியாகக் கீழே பார்த்தான். சேறு, நாணல், பாறைமேல் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு முதலை. நாற்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் சந்தில் தலையை விட்டு இறங்கப் பார்த்து நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். சந்தின் அகலத்தைக் கையால் அளந்துகூடப் பார்த்தான்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. முதலில் அது யார் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை. பி.டி. மாஸ்டரோ யாரோ, மூக்கால் பேசுகிற ஒரு ஆளைப்போல ஒரு பெண் பேசிக்காட்டினாள், "யாரு அங்க ஷேடோல ஒதுங்கறது, வெயில்ல வா, வைட்டமின் டி வேண்டாமா?" என்றாள், மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், ஒருத்தி "போதும்டி மிரு, வயிறு வலிக்குது" என்றாள். மிரு. இவள் இப்படிப் பேசுவாளா? வீட்டில் இவள் பேசி எத்தனை நாள் ஆயிற்று, கேட்டதற்குப் பதில், தட்டில் கண், அறைக்கதவு. பதிமூன்று வயதில் பிள்ளைகள் அப்படித்தான் என்று சுகந்தி சொன்னாள், அவனும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டான். இல்லை. இவள் பேசுகிறவள், பத்துப் பேரைச் சிரிக்கவைக்கிறவள், வீட்டில்தான் பேசுவதில்லை. யாரால்? ஒரு கணம் பயம்கூட மறந்துபோய் அந்தக் குரலை இன்னொரு முறை கேட்கவேண்டும்போல் இருந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தையின் பேச்சைக் கேட்பதுபோல, பொறுப்பில்லாமல், ஆசையாக. கூட்டம் உள்ளே வந்து சந்துகளில் பரவியது. கூடவே டீச்சர். ஜெசிந்தா மிஸ் என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அவனை அவளுக்குத் தெரியாது, பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் சுகந்திதான் போவாள். அவனுக்குப் பக்கத்துச் சந்தில் யாரோ வந்து நின்றார்கள். தேங்காய் எண்ணெயும் அவன் வீட்டு சோப்பும் மணத்தது. திரும்பக்கூடாது. ஆற்றில் ஏதோ நெளிந்தது, இலையா மீனா என்று பார்க்கிறவன்போல் அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான். இன்னும் கொஞ்சநேரம். நீர்நாய் வந்தால் எல்லாரும் அங்கே பார்ப்பார்கள், இவன் வெளியே போய்விடலாம். வா. வாழ்க்கையில் எதற்கும் இப்படி வேண்டிக்கொண்டதில்லை, ஒரு நீர்நாய் வரவேண்டும் என்று.

"இங்க ஒரு சார் நிக்கறாரு பாத்தீங்களா, இவரு யாருன்னு நெனைக்கறீங்க?" என்றான் ராசு. அவன் குரலில் பெருமை இருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தெருவுக்குக் காட்டுகிற பெருமை. தோளில் கைபட்டது. தண்டபாணி திரும்பினான். சந்து வெளிச்சம் கோடாக அவள் முகத்தில் விழுந்திருந்தது. அவளும் திரும்பினாள். எதிர்பாராத இடத்தில் அப்பாவைப் பார்த்த பிள்ளையின் முகம் என்ன செய்யுமோ அதைத்தான் முதலில் செய்தது, கண் விரிந்தது, வாய் சிரிப்புக்கு இழுபட்டது, அப்பா என்று சொல்ல உதடு சேர்ந்தது. "பறவை ஆராய்ச்சி பண்றவருங்க. தெனமும் வந்துருவாரு. மழையானாலும் வருவாரு. நாலஞ்சு மாசமாப் பாக்கறேன், காத்தால வந்தார்னா சாயந்தரம் நான் விசில் ஊதற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பாரு. ஏதாச்சும் கேக்கோணும்னா சாரைக் கேட்டுக்குங்க." சிரிப்பு அவள் வாயில் பாதியில் நின்றது. உடனே அணையவும் இல்லை, அதுதான் கொடுமை. எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது. தினமும் என்ற சொல் அவளுக்குள் போய் ஒவ்வொன்றாக எதையெல்லாம் தொடுகிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான், காலைகளை, சாயங்காலங்களை, ஆபீஸில் இன்றைக்கு ஆடிட் என்று அவன் சொன்ன நாட்களை, சம்பள உயர்வு இந்த வருஷம் இல்லையாம் என்று சுகந்தியிடம் சொன்னதை. அவள் வாயைத் திறந்தால் போதும். அவன் காத்திருந்தான். அவள் திறக்கவில்லை.

"அப்படிங்களா சார், ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஜெசிந்தா மிஸ். "பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" அவன் தலையை ஆட்டினான். ஒரு பெண் கையைத் தூக்கி, முதலை இந்தக் குடிலுக்குள் ஏறுமா என்றாள். ஏறாது என்றான். இன்னொருத்தி, அந்தக் கறுப்புப் பறவை ஏன் சிறகை விரித்துக்கொண்டே நிற்கிறது என்றாள். "அதோட எறகு தண்ணியில நனைஞ்சிரும். காயவெக்காமப் பறக்கமுடியாது" என்றான். எங்கே படித்தான், ராசு சொன்னதா, சரிதானா, தெரியாது. ராசு தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். அப்போது பக்கத்தில், மிகப் பணிவான, கேள்வி கேட்கும் மாணவியின் குரலில், "அங்கிள்" என்றாள் மிருதுளா. அந்தச் சொல் அவனைத் தொட்டபோது முதலில் வந்தது நன்றிதான். வெட்கம் அப்புறம்தான் வந்தது. காப்பாற்றுகிறாள். பதிமூன்று வயசு. "நாள் பூரா இங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க?" அவள் கண் அவன் முகத்தில் இல்லை, அவன் காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையில் இருந்தது. "ஒன்னும் பண்ணமாட்டேன். உக்காந்திருப்பேன்." பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும், யாரோ களுக்கென்றார்கள். "தனியாவா?" என்றாள். "தனியாத்தான்." "பயமா இருக்காதா?" அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் ராசு, "வந்துருச்சு, வந்துருச்சு, அந்தா பாருங்க" என்று கிசுகிசுத்தான், எல்லாரும் சந்துகளுக்குப் பாய்ந்தார்கள், பாறைக்குப் பின்னாலிருந்து நீர்நாய் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே இரண்டு குட்டிகள், மீனுக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கீச்சுக் கீச்சென்று. இத்தனை மாதத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை. "பயமாத்தான் இருக்குது" என்றான். அந்த அமளியில் அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. அவளும் ஆற்றைப் பார்க்கவில்லை. மிஸ் கூப்பிட்டபோது கடைசியாக வெளியே போனாள். பலகையில் அவள் காலடி மற்ற காலடிகளோடு கலந்து போய்விட்டது.

தப்பித்தாயிற்று. அதுதான் முதல் நினைப்பு, அதை மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். யாருக்கும் தெரியாது. அவள் சொல்லமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள், யாரிடமும் எதையும் சொல்லாமல் வைத்துக்கொள்கிற அழுத்தக்காரி, அவனைப்போல. அவனைப்போல என்று நினைத்த இடத்தில் ஏதோ இடறியது. திரும்ப ஆரம்பத்திலிருந்து யோசித்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போவான். சுகந்தி அவளிடம் கேட்பாள், டூர் எப்படி இருந்தது, என்னென்ன பார்த்தீர்கள் என்று. அவள் நீர்நாயைச் சொல்லுவாள், பார்க்காத நீர்நாயை. அவன் அப்படியா என்று கேட்டுக்கொள்வான். சுகந்தி இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றுவாள். பொய் சொல்வது கஷ்டமே இல்லை. அப்புறம் நாளைக் காலையில் அவன் பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவான், மேலேயிருந்து அவள் கையாட்டவேண்டும், பை ப்பா என்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சுகந்தி என்ன என்று கேட்பாள், ஆகவே சொல்லுவாள். தெரிந்துகொண்டே சொல்லுவாள். நாளன்றைக்கும். பணம் தீரும் நாள்வரைக்கும் ஒவ்வொரு காலையிலும் ஒரு குழந்தை பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவை இல்லாத வேலைக்கு அனுப்பிவைப்பாள். இத்தனை நாள் உள்ளே அவன் ஒருத்தன்தான் இருந்தான். இருட்டாக இருந்தாலும், மூச்சு முட்டினாலும், ஒருத்தன். அங்கிள் என்ற ஒரு சொல்லில் அவளும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். அவன் எழுந்தான். எழுந்து, திரும்ப உட்கார்ந்தான். இப்போது போய் அத்தனை பேர் முன்னால் சொன்னால் அவள் மானம் என்ன ஆகும், அந்த வயதில் அப்பாவின் செருப்பு பழசாயிருந்தால்கூட வெட்கப்படுகிறார்கள். சாயங்காலம் சுகந்தியிடம் தனியாகச் சொல்லிவிடலாம். சாயங்காலம். சாயங்காலம் என்று அவனுக்கு அவனே எத்தனை காலைகளில் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு சாயங்காலமும் படியேறும்போது சுகந்தி கதவைத் திறந்து, "மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது, காபி போடட்டுங்களா" என்பாள், காபி வந்துவிடும். சாயங்காலம் அவனால் முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் இப்போது. இப்போதும் முடியாது. இரண்டுமே முடியாது என்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், வெளியே பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும் விசில் கேட்டது.

பலகையில் கால் வைத்ததை அவன் நினைத்துச் செய்யவில்லை. தைரியம் வந்தது என்று சொன்னால் அது பொய். அன்று பஸ்ஸில் கால் எப்படித் தன் பாட்டில் நின்றதோ அப்படித் தன் பாட்டில் இன்று நடந்தது, அவன் பின்னால் போனான். பாதி வழியில் மூங்கில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, ஓடிப்போய் மூங்கில் புதருக்குள் உட்கார்ந்துகொள் என்று உடம்பு கேட்டது, அங்கே போனாலும் நாளைக் காலை வரும் என்று வேறொன்று சொன்னது. மருத மரத்தடியில் நீலத் தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டப்பாக்கள் திறந்திருந்தன. மேலே கிளையில் குரங்குகள், ராசு குச்சியோடு நின்றான். ஜெசிந்தா மிஸ்தான் முதலில் பார்த்தாள். "வாங்க சார். சாப்பாடு இருக்குது, எங்களோட சாப்பிடலாமே." அவன் தார்ப்பாயின் ஓரத்தில் நின்றான். மிருதுளா டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது, தலையை மிக லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அதை அவன் பார்த்தான். பார்த்தும், "நான் மிருதுளாவோட அப்பாங்க" என்றான்.

மிஸ்ஸுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "மிருதுளா சொல்லவே இல்லையே" என்று சிரித்தாள். "அவ சொல்லமாட்டாங்க" என்றான். குரல் வெளியே வந்துகொண்டிருந்தது, அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ராசு சொன்னாருங்களே, ஆராய்ச்சின்னு, அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க. எனக்கு வேலை இல்லைங்க. நாலஞ்சு மாசமாச்சு. வீட்டுல சொல்லலை. இங்க வந்து உக்காந்துட்டுப் போயிட்டிருக்கறேன். அவளுக்கு இப்பத்தான் தெரியும். அவளை அந்த மாதிரி எங்கிட்ட அங்கிள்னு சொல்ல விட்டிருக்கக்கூடாதுங்க, அதைச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்." கிட்டத்தில் இருந்த பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் என்ன என்ன என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டிருந்தார்கள். ராசு குச்சியைக் கீழே இறக்கினான், அவன் முகத்தில் கோபம் இல்லை, ஏதோ ஒரு பொருளைத் தொலைத்தவன் முகம்போல இருந்தது. மிஸ் எழுந்து நின்று சேலை முந்தானையைச் சரிசெய்தாள், "உக்காருங்க சார், மொதல்ல உக்காருங்க" என்றாள். மிருதுளா குனிந்திருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. டப்பா மூடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இருந்தவள் அவள் முகத்தைப் பார்க்க வளைந்தாள், இவள் தோளால் அவளை விலக்கினாள். தப்பு செய்துவிட்டேன் என்று தண்டபாணிக்குத் தோன்றியது. இவளுக்காகச் சொன்னேனா, எனக்கு மூச்சு முட்டியதால் சொன்னேனா, இனிமேல் இந்தப் பிள்ளைகள் முகத்தில் தினமும் விழிக்கப்போகிறவள் இவள்தானே, ஒரு பாரத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைத் தலையில் வைத்துவிட்டேனே. சுகந்தி இன்னும் இருக்கிறாள். இன்றைய சாயங்காலம் அப்படியேதான் இருக்கிறது. போய்விடலாம், வாசல் அந்தப்பக்கம்தான், ஆனால் இனிமேல் போவதற்கு ஓர் இடம் இல்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு மிருதுளா, தலையை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருந்தவளிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருடி" என்றாள். அவள் தள்ளினாள், அவளுக்கு அடுத்தவளும் தள்ளினாள். தார்ப்பாயில் ஓராள் உட்காரும் இடம் விழுந்தது. அவன் அதை நோக்கி ஒரு அடி வைத்தான்.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்கப்பா" என்றாள் அவள். எரிச்சலாகத்தான் சொன்னாள், வீட்டில் சொல்வதுபோல, அழுகையை எங்கேயோ பிடித்துக்கொண்டு. "எல்லாரும் சாப்பிடற எடம்." அவன் மண்ணில் குந்தி உட்கார்ந்து கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தான். ஒரு முனையை இழுப்பதற்குப் பதில் இன்னொன்றை இழுத்தான், முடிச்சு இறுகிக்கொண்டது. அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முட்டிபோட்டு அவன் பக்கம் நகர்ந்து வந்தாள்.